பன்னிரண்டாவது கட்டம்

வீட்டில் அவனுக்குப் பெயர் திருகாணி. வைத்தது அக்கா. ஏழு வயதில் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, மறுபடி மாட்டி, உள்ளங்கையில் மூன்று திருகாணிகளை மிச்சம் வைத்துக்கொண்டு நின்றவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? கடிகாரம் அதற்கு முன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கெட்டுப்போனதைத் தொடுகிறவனைப் பழுது பார்ப்பவன் என்பார்கள். நன்றாக ஓடுவதைத் தொடுகிறவனுக்கு இந்த மாதிரிப் பெயர்தான் கிடைக்கும்.

இப்போது அவனுக்கு வயது நாற்பத்தேழு. ஒரு சின்ன நிறுவனத்தில் மற்றவர்களுடைய வலைத்தளங்களைப் பராமரிக்கும் வேலை. செருப்புக் கடை, பல் மருத்துவர், டயர் வியாபாரி என்று இருபது முப்பது பேர். ஒருவருக்கு லோகோ இன்னும் பெரிதாக வேண்டும். அதைப் பார்த்த அடுத்தவருக்கு அதைவிடப் பெரிதாக வேண்டும். பகலெல்லாம் அடுத்தவர் லோகோவை ஊதிப் பெருக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் மனிதன் ஓய்வெடுப்பான் என்று நினைப்பீர்கள். திருகாணி சமையலறையை ஒட்டிய மேஜையில் மறுபடி கம்ப்யூட்டரைத் திறப்பான்.

இந்தமுறை திறப்பது அவனுடைய சொந்தத் தளத்தை. அதில் முப்பத்தெட்டுச் சின்னச் சின்னக் கருவிகள் இருந்தன. படத்தின் எடையைக் குறைக்க ஒன்று. இரண்டு நிறங்களை அடுத்தடுத்து வைத்தால் எழுத்து கண்ணுக்குத் தெரியுமா என்று சொல்ல ஒன்று. காற்றின் ஈரத்தை வைத்துத் துணி எத்தனை மணிக்குக் காயும் என்று சொல்ல ஒன்று. இன்று யார் பாத்திரம் கழுவ வேண்டும் என்று குலுக்கிப் போட ஒன்று. இந்தக் கடைசிக் கருவியை அவன் மனைவி ஒரு மாதம் குறித்துவைத்துப் பார்த்தாள். பத்தொன்பது முறை அவள் பெயர்தான் வந்திருந்தது.

"உங்க மெஷினும் உங்க கட்சிதான்," என்றாள். அவள் தபால் அலுவலகத்தில் கவுன்ட்டரில் இருப்பவள். கணக்கில் அவளை ஏமாற்ற முடியாது.

தளத்துக்கு ஒரு நாளில் பதினைந்து பேர் வந்தால் அதிகம். அதில் பத்துப் பேர் அவனேதான். ஆனாலும் அவனுக்குக் குறையில்லை. ஒரு பொத்தானை இரண்டு புள்ளி இடதுபக்கம் நகர்த்திவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி ஒரு புள்ளி வலதுபக்கம் நகர்த்துவதில் அவனுக்குக் கிடைக்கும் நிம்மதி சிலருக்குக் கோயிலில்கூடக் கிடைக்காது.

அக்கா அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். ஒரு அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தும் வேலை பார்த்தாள். மூலத்தை ஒருவர் சத்தமாகப் படிப்பார்; இன்னொருவர் சிவப்புப் பேனாவோடு, அச்சான தாளில் கண்ணை ஓட்டிக்கொண்டு போவார். சிவப்புப் பேனா எப்போதும் அக்கா கையில். படிக்கிறவர் சோம்பல்பட்டு ஒரு வரியைத் தாண்டினால், தலையை நிமிர்த்தாமலே "எங்க ஓடுற?" என்பாள். அவள் வாய்க்கு முதலாளியே பயப்படுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பிழையில்லாத ஆள் கிடைக்கலை," என்பாள். ஓய்வு பெற்றபின் தம்பி வீட்டு முன்னறைக்கு வந்தாள். கூடவே நாலு பெட்டிப் புத்தகமும் அந்த வாயும் வந்தன.

போன வருடம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், வாஷ்பேசினைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூளையில் ரத்த அடைப்பு. உயிர் பிழைத்தாள். வலது கை சோர்ந்துபோனது, கோல் ஊன்றி மெதுவாக நடக்க முடிந்தது. பேச்சு மட்டும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை எப்படியோ தப்பி நின்றது: வேணாம். எதற்கும் அதுதான். "தண்ணி வேணுமாக்கா?" என்றால் "வேணாம்" என்பாள், சொல்லிக்கொண்டே கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொள்வாள். எத்தனையோ பேரை ஒரு சொல்லில் உட்கார வைத்தவள், தன் வாயிலிருந்து வருவது தான் நினைத்தது இல்லை என்று தெரிந்து கண்ணை மூடிக்கொள்வாள். அதைப் பார்க்க மாட்டாமல் திருகாணி முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அப்போதுதான் அவன் தன் தளத்தில் அக்காவுக்கென்று ஒரு பக்கம் செய்தான். ஒரு சனி, ஒரு ஞாயிறு. மேஜை டிராயரில் கிடந்த பழைய டேப்லெட்டைத் துடைத்தெடுத்தான். திரையில் வரிசைக்கு நாலாக மூன்று வரிசை, பன்னிரண்டு கட்டங்கள். எல்லாம் ஒரே மங்கல் நீலம். தண்ணி, பசி, பாத்ரூம், லைட். அடுத்த வரிசையில் போர்வை, ஜன்னல், வலி, டிவி. கீழே மாத்திரை, யாராவது வாங்க. தொட்டால் டேப்லெட் அதைச் சத்தமாகச் சொல்லும். அதோடு அவன் போனுக்கும் மனைவி போனுக்கும் செய்தி போகும். படம் போடலாமா என்று ஒரு டம்ளர் படத்தைக் காட்டினான். அக்கா முகத்தைச் சுளித்து அதைத் தள்ளிவிட்டாள். "சின்னப் பிள்ளையாடா நான்?" என்று கேட்கிற முகம் அது. சரி என்று வெறும் எழுத்தாகவே விட்டுவிட்டான்.

குரல் கொடுத்தது மனைவி. நாத்தனாருக்காக நாத்தனாராகவே பேசக் கிடைத்த வாய்ப்பு எத்தனை பேருக்கு வரும்? பத்து வார்த்தைகளையும் பதமாகப் பேசிக் கொடுத்தாள். பதினோராவது கட்டத்துக்கு என்ன போடலாம் என்று யோசித்தபோது அக்கா திருகாணியை விரலால் சுட்டிக் காட்டி, அந்த விரலாலேயே தன் நெற்றிப் பொட்டில் ஒரு சுற்றுச் சுற்றினாள். வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"அண்ணி, இதை நான் நல்லாவே சொல்றேன். இருபது வருஷமா மனசுக்குள்ள சொல்லிப் பழக்கம்," என்று மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: "போடா லூசு!"

பன்னிரண்டாவது கட்டத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை. காலியாகவே கிடந்தது.

முதல் இரண்டு நாளும் அக்கா அந்தப் பதினொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை தொட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. தம்பி செய்து கொடுத்த பொம்மையில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் என்று திருகாணி நினைத்துக்கொண்டான். மூன்றாம் நாளிலிருந்து விரல் தயங்கவே இல்லை. காலை ஒன்பதுக்கு இருவரும் வேலைக்குப் போனால் மனைவி திரும்பி வர இரண்டரை ஆகும். அதுவரை அக்கா தனியாக இருந்தாள். அவசரம் என்றால் செய்தி வரும். திருகாணி மாடி வீட்டுத் தையல்காரருக்குப் போன் செய்வான். அவரிடம் ஒரு சாவி இருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் அம்மா மட்டும் ஒருமுறை கேட்டார்: "இந்த மாதிரி அடைப்பு வந்தவங்களுக்குப் படிக்கிறதும் சில சமயம் போயிடும். பார்த்தீங்களா? நான் தாளை நீட்டினா தள்ளி விட்டுடறாங்க."

திருகாணி சிரித்துவிட்டான். "யாரு, எங்க அக்காவா? மீனுக்கு நீந்தத் தெரியுமான்னு கேக்குறீங்களே! காலைல பேப்பரைக் கையில எடுத்தா ஒரு மணி நேரம் கீழ வைக்க மாட்டா."

அது உண்மைதான். கீழே வைக்க மாட்டாள்.

ஏழு மாதம் எல்லாம் நன்றாக ஓடியது. அதுதான் ஆபத்து என்று இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஒரு விடுமுறை நாளில் திருகாணி தன்னைப் போலவே கை சும்மா இருக்காதவர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில், 'அடிக்கடி தொடுவது முதலில் வர வேண்டும்' என்று யாரோ எழுதியதைப் படித்தான். எவ்வளவு சரி! அக்காவின் இடது கைக்கு எட்டும் முதல் கட்டத்தில், அவள் அதிகம் கேட்பது இருந்தால் எவ்வளவு சுலபம்! அன்று மாலைக்குள் செய்து முடித்தான். தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு, முந்தைய நாளில் எது எத்தனை முறை தொடப்பட்டது என்று எண்ணிக் கட்டங்கள் தாமாகவே வரிசை மாறிக்கொள்ளும். எழுத்தையும் அழகாக்கினான். மங்கல் நீலத்துக்குப் பதில் கண்ணுக்கு இதமான பச்சை. ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும்போது ஒரு வரிக் குறிப்பு எழுதிவைப்பது அந்தத் தொழிலின் பழக்கம். அவன் எழுதினான்: 'சின்ன மேம்பாடு. யாருக்கும் பாதிப்பு இல்லை.'

அதிகம் தொடப்பட்டது எது என்று சொல்லத் தேவையில்லை. மறுநாள் காலை முதல் கட்டத்தில் வந்து உட்கார்ந்தது 'போடா லூசு'.

அன்று மதியம் நலம் விசாரிக்க எட்டிப் பார்த்த தையல்காரர், "என்னக்கா, ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். அக்கா டேப்லெட்டைத் தொட்டாள். "போடா லூசு!" என்றது. தையல்காரர் அறுபது வயது மனிதர். முகம் சுருங்கி மாடிக்குப் போய்விட்டார். சாயங்காலம் திருகாணி கேட்டுச் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று தப்பானது. பசிக்கும்போது டிவி கேட்டாள். மாத்திரையைக் கொண்டுவந்தால் தட்டிவிட்டாள். வரிசையோ தினம் ஒன்றாக மாறியது. ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்குத் திருகாணியின் போனுக்கு 'தண்ணி' என்று செய்தி வந்தது. தையல்காரர் மனத்தாங்கலை ஒதுக்கிவைத்துவிட்டு இறங்கிப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் மறுபடி 'தண்ணி'. இன்னொரு டம்ளர். மறுபடி. மூன்று டம்ளர்களையும் மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, "குடிக்கவும் மாட்டேங்கிறாங்க, கேக்குறதையும் நிறுத்த மாட்டேங்கிறாங்க தம்பி," என்று அலுத்துக்கொண்டார். அவர் மாடிக்குப் போனபிறகு மழை வலுத்தது. இரண்டரைக்கு மனைவி வந்து பார்த்தபோது, திறந்த ஜன்னல் வழியாக மழைச்சாரல் கட்டில்வரை அடித்திருந்தது. அக்கா நனைந்த தோளோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டேப்லெட் குப்புறக் கிடந்தது.

மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். புதிய அடைப்பு எதுவும் ஸ்கேனில் இல்லை. ஆனால் மருத்துவர் தலையை ஆட்டினார். "புரிஞ்சுக்கிற சக்தி குறைஞ்சுகிட்டு வருது போல. இனிமே பகல்ல தனியா விடாதீங்க. பார்த்துக்கிற இடம் இருக்கு, அங்க சேர்த்துடறது நல்லது. இந்தப் பொத்தான் விஷயத்துல எப்ப இருந்து தடுமாறுறாங்கன்னு தேதி இருந்தா எழுதிக் கொடுங்க, அவங்க கேப்பாங்க."

மனைவிக்கு எடுக்க விடுப்பே பாக்கி இல்லை. அவனுக்கும் இல்லை. முதியோர் காப்பகம் ஒன்றில் பேசினார்கள். வெள்ளிக்கிழமை ஆள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதுவரை பகலில் மணிக்கொருமுறை வந்து எட்டிப் பார்ப்பதாகத் தையல்காரர் சொன்னார். திருகாணி அக்கா கட்டிலருகே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான்.

"வேணாம்," என்றாள் அக்கா.

எதற்கும் சொல்கிற அதே வார்த்தை. அன்று அவள் நினைத்ததும் வாயில் வந்ததும் ஒன்றாக இருந்தன. ஆனால் அதை எப்படி நிரூபிப்பாள்? திருகாணி அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தான். அவள் மறுபடி சொன்னாள். இன்னும் ஒருமுறை சொன்னாள். பிறகு பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதிய உணவு நேரத்தில், அலுவலகத்தில், அவன் அந்தத் தேதிகளை எடுக்க உட்கார்ந்தான். அக்காவின் ஒவ்வொரு தொடுகையும் பதிவாகியிருந்தது: எந்த வார்த்தை, எத்தனை மணிக்கு, திரையில் எந்த இடத்தில். இடது கை விரல் கட்டத்துக்கு வெளியே விழுகிறதா என்று பார்க்க ஆரம்பத்திலேயே செய்துவைத்த ஏற்பாடு அது. வார்த்தைகளைப் பார்த்தான். ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து எல்லாம் கலைந்துபோயிருந்தது. அந்தத் தேதி எங்கோ பார்த்த தேதி மாதிரி இருந்தது. கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

வார்த்தைகளை விட்டுவிட்டு இடங்களை மட்டும் திரையில் புள்ளிகளாகப் போட்டுப் பார்த்தான். நன்றாக இருந்த ஏழு மாதத்துக்கும் நீலப் புள்ளி. கலைந்த நாட்களுக்குச் சிவப்பு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான்.

சிவப்பு நீலத்தின் மேலேயே உட்கார்ந்தது. காலை எட்டரைக்கு மாத்திரை இருந்த இடம். ஒன்றரைக்குப் பசி இருந்த இடம். அந்தப் புதன்கிழமை பதினொரு மணிக்கு இரண்டாம் வரிசையில் இரண்டாம் கட்டம். அது முன்பு ஜன்னல் இருந்த இடம். அக்கா தடுமாறவே இல்லை. ஏழு மாதமாகத் தொட்ட இடத்தையே தொட்டுக்கொண்டிருந்தாள். அவள் காலடியிலிருந்த தரையைத் தினமும் காலை ஐந்து மணிக்கு உருவிக்கொண்டிருந்தவன் அவன்.

ஏன் இடத்தைத் தொடுகிறாள்? எழுத்துதான் இருக்கிறதே, பார்த்துத் தொடலாமே?

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முதல் இரண்டு நாள் பதினொன்றையும் திரும்பத் திரும்பத் தொட்டது விளையாட்டு இல்லை. காதால் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். பயிற்சிக்கார அம்மா நீட்டிய தாளைத் தள்ளியது திமிர் இல்லை. காலையில் ஒரு மணி நேரம் பேப்பர். முப்பத்தொரு வருடம் எழுத்தையே தின்று வாழ்ந்தவள், ஒரு எழுத்தும் விளங்காத பேப்பரை ஒரு வருடமாக முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள், தம்பி பார்த்துவிடக் கூடாது என்று. திருகாணிக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. பக்கத்து மேஜைக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டபோது, "ஒண்ணுமில்ல. ஒரு பிழை கிடைச்சது," என்று சொல்லி எழுந்து, அரை நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று கிளம்பினான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜையில் உட்கார்ந்தான். பழைய வடிவம் அப்படியே சேமிப்பில் இருந்தது. 'யாருக்கும் பாதிப்பு இல்லை' என்ற வரிக்கு முந்தைய வடிவத்தை எடுத்துத் திரும்ப வைத்தான். மங்கல் நீலம். கோணலான எழுத்து. டேப்லெட்டைத் துடைத்து அக்கா மடியில் வைத்தான்.

அவள் அதைப் பார்க்கவில்லை.

"அக்கா, பழையபடி வச்சுட்டேன். எல்லாம் அது அது இடத்துல இருக்கு. ஒரு தடவை தொட்டுப் பாரேன்."

இடத்துல என்ற சொல் வந்ததும் அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவள் விரல் மெதுவாக முதல் கட்டத்துக்குப் போனது.

"தண்ணி."

அடுத்தது. "பசி." அடுத்தது. பத்தும் சரியாக வந்தன. பதினோராவதில் விரலை வைத்துவிட்டு, எடுக்காமல், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு அழுத்தினாள்.

"போடா லூசு!"

"ஆமாக்கா," என்றான் திருகாணி. "லூசுதான்."

வாசலில் வேலையிலிருந்து வந்து நின்ற மனைவி தன் குரலையே கேட்டுவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்தாள். திருகாணி நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னான். அக்காவுக்குப் படிக்க வரவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் அவள்தான் என்று அவனுக்குத் தோன்றியது. மனைவி கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் காப்பகத்துக்குப் போன் போட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்று அக்காவின் காதுபட இரண்டு தரம் சொன்னாள். பிறகு மருத்துவருக்கும் போன் போட்டு விவரத்தைச் சொல்லி, திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினாள்.

அக்கா பன்னிரண்டாவது கட்டத்தைத் தொட்டாள். சத்தம் வரவில்லை. மறுபடி தொட்டாள்.

"அது காலிக்கா. அன்னைக்கு ஒண்ணும் தோணலை. என்ன போடட்டும்?"

அவள் பக்கத்தில் மடித்துவைத்திருந்த அன்றைய பேப்பரை இடது கையால் எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அதை அவன் பக்கம் நீட்டினாள்.

மனைவிக்கும் புரிந்துவிட்டது. முகம் கழுவப் போவதுபோல உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலையே பன்னிரண்டாவது கட்டம் பேசியது. இதற்கு மட்டும் குரல் அவனுடையது: "பேப்பர் படிடா." மற்ற பதினொன்றையும் ஒரு புள்ளிகூட நகர்த்தவில்லை. எழுத்து கோணலாக இருக்கிறதே, இதையாவது நேராக்கலாமா என்று கை பரபரத்தது உண்மை. கையைத் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டான். அந்தப் பக்கத்தை இயக்கும் நிரலின் முதல் வரிக்கு மேலே தனக்கே ஒரு குறிப்பு எழுதினான்: 'இந்தக் கட்டங்களை நகர்த்தாதே. அசிங்கமாகத் தெரிந்தாலும் நகர்த்தாதே. நல்ல யோசனை வந்தால் எழுந்து போய்த் துணி மடி.'

பிறகு அக்கா அருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தான். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஏதோ ஒரு பாலத்தைப் பற்றிய நீளமான செய்தி. யாருக்கு வேண்டும் என்று நடுவில் ஒரு பத்தியைத் தாண்டினான். அடுத்த வரி முந்தைய வரியோடு ஒட்டவில்லை. உடனே டேப்லெட்டிலிருந்து மனைவியின் குரல் அவனைத் திட்டியது. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உண்மையான மனைவி சத்தமாகச் சிரித்தாள். அன்றும் குலுக்கலில் அவள் பெயர்தான் வந்திருந்தது. அவன் திரும்பப் போய்த் தாண்டிய பத்தியையும் படித்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, சிவப்புப் பேனா பிடிக்கிற மாதிரி இரண்டு விரலைச் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

ஐந்தாம் பக்கம் முடிந்தபோது அவன் தொண்டை வறண்டுவிட்டது.

"போதுமாக்கா?"

"வேணாம்," என்றாள்.

திருகாணி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஆறாம் பக்கத்தைத் திருப்பினான்.